மகளுக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்கட்சி நடத்துகிறது. தங்கள் ரத்த அழுத்தம் எப்படி? மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, ஞாபகம் வந்தபோது சாப்பிடுகிறீர்களா? மலையில் சுரங்கப்பாதை தோண்டப் போன மாப்பிள்ளை சௌக்கியமா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டுக்குப் பகலில் அடித்தால் யாரும் எடுப்பதில்லை, மாலையில் அடித்தால் பாப்பாதான் எடுக்கிறாள். "சம்பந்திகிட்ட குடு" என்றால், "மாமா குளிக்கிறார்மா" என்கிறாள். ஒரு மனிதர் இவ்வளவு குளித்தால் சளி பிடிக்கும். தபால் வரும் வேளையில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பாப்பாவின் அலுவலகத்தில் ஏதோ சரியில்லை. பகலில் கூப்பிட்டால் பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது. ஙொய்ங் என்று, ஓயாமல். "என்னடி அது?" என்றால் "ஃபேன்மா" என்கிறாள். காப்பீட்டு அலுவலகத்தில் அப்படி ஒரு ஃபேன் ஓடினால் முதலில் அதற்குக் கீழே இருப்பவர்களுக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவள் குரலில் சந்தோஷம் தெரிகிறது. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒருமுறைகூடச் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. தலைமை நர்ஸாக இருந்தவள் நான். வலியில் முனகிக்கொண்டிருந்த நோயாளி திடீரென்று சிரித்தால், யாரோ மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அவளை ஒண்டியாளாக வளர்த்து, பரீட்சைக்குமேல் பரீட்சை எழுதவைத்து, அந்த நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. நாற்காலி பத்திரமாக இருக்கிறதா? தாங்கள் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். ஒரு வார்த்தை கூடவும் பேசமாட்டீர்கள், குறையவும் பேசமாட்டீர்கள் என்று கல்யாணப் பேச்சின்போதே தெரிந்துகொண்டேன். உள்ளதை உள்ளபடி எழுதவும்.

தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி


பிப்ரவரி 11

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சுகம், உன் பெண்டாட்டி சுகம், சுகமில்லாமல் கிடப்பது என் மனசாட்சி ஒன்றுதான். உன் உடம்பு எப்படி? மலைக்காற்றில் காதை மூடிக்கொள்.

உன் மாமியாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. "உள்ளதை உள்ளபடி எழுதவும்" என்கிறார். என்னவென்று எழுத? "உங்கள் மகள் காப்பீட்டு வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஊருக்குப் பொதுவாக ஒரு பழத்தோட்டம் இருக்கிறதே, அங்கே வேலைக்குச் சேர்ந்து, எந்த இலையைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, தேனீயை எப்படி வளர்ப்பது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள்" என்றா?

நீங்கள் இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவு. எனக்கும் சம்மதம்தான். அலுவலகத்திலிருந்து கசங்கிய துணி மாதிரி வந்து விழுந்தவள், இப்போது நகக்கண்ணில் மண்ணோடு வந்து பாடிக்கொண்டே சமைக்கிறாள். ஆனால் "அம்மாகிட்ட நானே நேரம் பார்த்துச் சொல்றேன், அதுவரைக்கும் நீங்க மூச்சு விடக்கூடாது மாமா" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாளே, அந்த நேரம் எப்போது வரும்? நேற்றும் கேட்டேன்.

"அம்மாவுக்கு முட்டி வலி மாமா. இப்ப வேண்டாம்."

"முட்டி வலிக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கோவத்துல சட்டுனு எழுந்து நின்னா வலிக்கும்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வாய்? உத்தியோகத்தில் என்னைத் 'தராசு' என்பார்கள், உனக்கே தெரியும். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சத்தியத்தை மீறியும் பழக்கமில்லை. ஆகவே ஒரு பொய்கூட இல்லாமல் ஒரு பதில் எழுதப்போகிறேன். அது எப்படி என்று கேட்காதே. நீ இருக்கும் இடத்தில் போன் எடுக்காதது நீ செய்த புண்ணியம்.

ஆசிகளுடன்,
அப்பா


பிப்ரவரி 13

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லாரும் நலம். மாத்திரையைப் பெரும்பாலும் காலையில் சாப்பிடுகிறேன். தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமே? நர்ஸுக்கே வைத்தியம் சொல்வதற்கு மன்னிக்கவும்.

தாங்கள் பாப்பாவைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். அவள் வேலை செய்யும் இடத்தை நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். விசாலமான இடம். காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை. சுற்றிலும் மரம், செடி, நிழல். நாற்காலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது அவளுக்கு நாற்காலியில் உட்கார நேரமே இருப்பதில்லை. சுற்றிப் பார்க்கிற வேலை அதிகம்.

அவளுக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். அப்படி ஒரு சுறுசுறுப்பை என் உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை. ஒருவரும் லீவு கேட்பதில்லை, டீ குடிக்கப் போவதில்லை. ஆண்களும் கொஞ்சம் பேர் உண்டு. அவர்கள் சாப்பிடுவதோடு சரி. எல்லாருக்கும் மேலே ஒரு பெண்மணி இருக்கிறார். ராணியம்மா என்கிறார்கள். அவர் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் அங்கே ஒரு காரியம் ஓடாது.

தாங்கள் கேட்ட சத்தம், இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் உண்டாவது. பழகிவிட்டால் காதுக்கு இதமாகவே இருக்கிறது.

பாப்பா சந்தோஷமாக இருப்பது உண்மைதான். மருந்து மாறவில்லை.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி


மார்ச் 2

அன்பு நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் கடிதம் வந்த அன்று முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

ஆயிரக்கணக்கானோர்! இந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பரிசு வாங்கினாலும் பைக்குள் ஒளித்துவைப்பாள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு வக்கீலம்மா தன் பிள்ளைக்குக் கீழே ஒரு குமாஸ்தாவும் ஒரு டைப்பிஸ்டும் இருப்பதை மூச்சுக்கு மூச்சு சொல்வார். இப்போது என்னைக் கண்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் திரும்பிக்கொள்கிறார். அவர் வீட்டில் செடியே கிடையாது.

ராணியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அறைக்குள்ளேயே இருப்பது உடம்புக்கு ஆகாது. காலை வெயிலில் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். வேலை செய்யாத ஆண்களை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். பிறகு எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஞாபகம் வந்தது, கேட்கவில்லை.

ஒரே ஒரு விஷயம். சுற்றிலும் மரம் செடி என்று எழுதியிருந்தீர்கள். பாப்பா குழந்தையாக இருக்கும்போது ஏதோ பூச்சி கொட்டி, முகமெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாமல் என் வார்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேனீயோ குளவியோ, பார்த்தவர் யாரும் இல்லை. என் கையால்தான் ஊசி போட்டேன். போட்ட பிறகு அந்தக் கை நடுங்கிய நடுக்கம் இப்போதும் நினைவிருக்கிறது. அதிலிருந்து அந்த ஊசியை அவள் பைக்குள் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கெடு முடிவதற்குள் புதிது வாங்கி அனுப்புவேன். இந்த முறைக்கானது தனிப் பார்சலில் வருகிறது. அவள் அலட்சியமாக இருப்பாள். தாங்களே பைக்குள் வைத்துவிடவும்.

தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி


மார்ச் 9

அன்புள்ள மகனுக்கு,

நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. இத்துடன் உன் மாமியாரின் கடிதத்தை வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியைப் படி. படித்தாயா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் அந்தம்மாவிடம் சாமர்த்தியமாக எழுதிவிட்டேன் என்று மார் தட்டிக்கொண்டிருந்தேனே! கொட்டினால் உயிருக்கே ஆபத்தான பெண்ணைத் தேனீப் பெட்டிக்கு நடுவில் நிறுத்திவிட்டு, அவள் அம்மாவிடம் 'காதுக்கு இதமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன். சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன்.

"உனக்குப் பூச்சி கடிச்சா ஆகாதாமே? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அது குளவி மாமா. தேனீ இல்லை. டாக்டர்கிட்ட போய் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் இதுல இறங்கினேன். தேனீ என்னை எத்தனையோ தடவை கொட்டியாச்சு. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"எத்தனையோ தடவையா!"

"சாதம் ஆறுது மாமா."

நீ என்ன சொன்னாலும் சரி, எனக்கு மனசு ஆறவில்லை. டாக்டர்களும் மனிதர்கள்தானே? அதனால் நானும் தோட்டத்துக் கற்றல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் போவது காவலுக்கு. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ரிட்டயர்டு பஸ் டிரைவர் எனக்கு வெள்ளை அங்கியும் வலை போட்ட தொப்பியும் கொடுத்திருக்கிறார். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போய்விடுகிறேன். டிப்போ வழியாக நடக்கும்போது கண்டக்டர்கள் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறார்கள்.

சம்பந்தியம்மாவுக்குப் பதில் எழுதப் பேனாவை எடுத்தால் எதுவும் வரமாட்டேன் என்கிறது. என்ன எழுதினாலும் ஒன்று பொய்யாகிறது, இல்லாவிட்டால் சத்தியம் போகிறது.

அப்பா


மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது. சாமான் லாரி வந்தால்தான் தபால், அதனால் தாமதம்.

டெஸ்ட் எடுக்க நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தேனீ அவளை ஒன்றும் செய்யாது. தயவுசெய்து நீங்கள் தோட்டத்துக்குப் போகாதீர்கள். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நின்று அம்மாவைக் கூப்பிட்டவர் நீங்கள். இப்போது கூப்பிட அம்மாவும் இல்லை. தேனீக்குப் பயந்தவர்களைத் தேனீக்குப் பிடிக்காது என்று அவளே எனக்கு எழுதியிருக்கிறாள்.

அத்தைக்கு உண்மையை எழுதிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல். நான் மலைமேல் இருக்கிறேன்.

அன்புடன்,
தங்கள் மகன்


ஏப்ரல் 18

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். என் கடிதத்துக்குத் தங்களிடமிருந்து பதில் இல்லை. தங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பார்சல் வந்து சேர்ந்ததா?

நேற்றுப் பாப்பாவுக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று அவள் அலுவலக எண்ணுக்கே போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

தங்களிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்க வேண்டும். பாப்பாவுக்குக் கீழே வேலை செய்கிற அந்த ஆயிரக்கணக்கானோரில், ஒவ்வொருவருக்கும் எத்தனை கால்கள்?

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சம்பந்தி


ஏப்ரல் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படிக்கும்போது நீ இதை மறந்துவிடுவாய்.

மாமாவால் எழுத முடியாது. கை வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "ஆறு கால்னு எழுதிடும்மா, அது பொய்யில்லை" என்றார். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இதை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆமாம் அம்மா, வேலையை விட்டுவிட்டேன். பொதுப் பழத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். கொய்யாவும் மாதுளையும் அத்தியும் நட்டு, ஒட்டுக்கட்டக் கற்றுக்கொடுத்து, தேனீ வளர்க்கிறேன். மாமா உனக்கு எழுதியதில் ஒரு பொய்கூட இல்லை. சொல்லாமல் விட்டது நான்.

நடந்தது இது. வகுப்புக்கு வருகிற பல் டாக்டர் ஒருவர் ஒரு பெட்டியிலிருந்து மரச்சட்டத்தைத் தூக்கினார். அடையும் தேனுமாக நல்ல கனம். கைதவறிக் கீழே போட்டுவிட்டார். தேனீக்கள் குபீரென்று கிளம்பின. நான் வலைத் தொப்பி போட்டிருக்கவில்லை. மாமா எங்கிருந்தோ குடையோடு ஓடிவந்து, தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தார்.

"மாமா, என்ன பண்றீங்க? நீங்க போடுங்க!"

"எனக்கு எதுக்கும்மா? உனக்குத்தான் ஆகாது!"

கழுத்தில், கையில், காதில் என்று அவரைக் கொட்டித் தீர்த்துவிட்டன. தூரமாக இழுத்துக்கொண்டு போனேன். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "தோட்டம் ஏம்மா சுத்துது?" என்றார். உதடு தடித்துவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. முந்தின வாரமே ஒன்று கொட்டி முழங்கைவரை வீங்கியிருக்கிறது, அதை முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார், அம்மா. உன் ஊசியைப் பையிலிருந்து எடுத்தேன். அந்த நிலைமையிலும் கையைத் தள்ளிவிடுகிறார்.

"அது உன்னோடதும்மா. உனக்கு வேணும்."

"எனக்கு வேண்டாம் மாமா, காலை நீட்டுங்க."

நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே பேண்டோடு சேர்த்துத் தொடையில் போட்டேன். பல் டாக்டர் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து டிரைவர் அண்ணன் டிப்போவுக்கு ஓடி ஒரு காலி பஸ்ஸையே எடுத்துக்கொண்டு வந்தார். வழியில் ஸ்டாப்பில் நின்றவர்கள் கைகாட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் நிக்காதா!" என்று பின்னால் கத்தினார்கள். ஆஸ்பத்திரி டாக்டர், "ஊசி போட்டது யாரு? போடலைன்னா இங்க வந்து சேர்ந்திருக்கமாட்டார்" என்றார்.

இரண்டு நாளாக எனக்கும் கை நடுங்குகிறது.

திட்ட வேண்டியதை எல்லாம் திட்டு. ஆனால் திரும்பி அந்த நாற்காலிக்குப் போ என்று மட்டும் சொல்லாதே. முட்டி எப்படி இருக்கிறது?

உன்,
பாப்பா


ஏப்ரல் 30

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

சம்பந்தியைத் தனியாக விடாதே. இனிமேல் ஒரு தேனீகூட அவர் பக்கத்தில் வரக்கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அவர் கையில் கொடுக்காதே, வாயில் போட்டு விழுங்கும்வரை நின்று பார். அவருக்கென்று தனியாக ஊசி வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். கை நடுங்கினால் சூடாக ஏதாவது குடி.

ரயில் ஏறப்போகிறேன். இந்தக் கடிதம் முன்னால் வருமா, நான் முன்னால் வருவேனா தெரியவில்லை. நான் முன்னால் வந்துவிட்டால் இதைப் படிக்க வேண்டாம்.

வேலையைப் பற்றி நேரில்.

அம்மா


மே 19

அன்புள்ள மகனுக்கு,

நான் சுகம். சுகமாக இல்லாவிட்டால் உன் மாமியார் விடமாட்டார். நம் வீடு இப்போது வார்டு. விடிந்தால் காய்ச்சல் பார்க்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார். நேற்று நான் தும்மினேன். சமையலறையிலிருந்து "எத்தனை தடவை?" என்று குரல் வந்தது. உன் உடம்பு எப்படி என்று எழுது. எழுதாவிட்டால் அங்கேயும் வந்துவிடுவார்.

வந்த அன்றே என்னிடம் கேட்டுவிட்டார்.

"சம்பந்தி, உங்க கடிதத்தை மறுபடி மறுபடி படிச்சேன். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பொய் கிடைக்கல."

"இல்லைங்க."

"அதான் எனக்குப் பொறுக்கல. பொய்யா இருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன்."

அவர் ஒரு மாத்திரையை நீட்டினார். விழுங்கினேன்.

தோட்டத்துக்குள் எனக்கு ஆயுள் தடை. வேலிக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அவர் மட்டும் தினமும் பாப்பாவோடு போகிறார். தேனீப் பெட்டிகளைச் சுற்றிக் கட்டிய வலைவேலிக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே போவதில்லை. தோட்டத்து ஆட்கள் ஒருவருக்கும் ஊசி போடத் தெரியவில்லை என்று தெரிந்ததும் அவரே வகுப்பு ஆரம்பித்துவிட்டார். கொய்யாக்காயில் குத்திப் பழக வேண்டும். டிரைவர் நன்றாகக் குத்துகிறார். பல் டாக்டர்தான் கண்ணை மூடிக்கொள்கிறாராம். "வாயில குத்துற கை தொடையில குத்தாதா?" என்று அவரை எழுப்பி நிறுத்திக் கேட்டாராம். குத்துப்பட்ட காய்களை எல்லாம் பாப்பா வெட்டி உரக்குழியில் போடுகிறாள்.

இதெல்லாம் வேடிக்கை. வீட்டில்தான் பயமாக இருக்கிறது. வேலையைப் பற்றி அம்மாவும் மகளும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. "நேரில்" என்று எழுதியவர் நேரில் வந்து உப்பு போதுமா, துணி காய்ந்ததா என்று மட்டுமே பேசுகிறார். பாப்பா பாடுவதை நிறுத்திவிட்டாள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவது, எந்தப் பக்கமும் சாய முடியாத தராசு முள் மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் அவர் ஊருக்குக் கிளம்புகிறார். போகிற நேரத்தில் வெடித்துவிட்டுப் போவாரோ என்னவோ.

ஆசிகளுடன்,
அப்பா


ஜூன் 14

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நல்லபடி வந்து சேர்ந்தேன். முழங்காலுக்கு ரயில் ஒத்துக்கொள்ளவில்லை, மற்றபடி நலம். தங்கள் ரத்த அழுத்த அளவைப் பாப்பா எனக்குப் போனில் சொல்லிவிடுகிறாள், ஆகவே நலமா என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை லீவில் வருகிறார் என்று கேட்டுச் சந்தோஷம்.

நான் வந்த பிறகு தாங்கள் எழுதிய இரண்டு கடிதத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வலைக்குள்ளே என்ன நடந்தது என்று. தாங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பாப்பாவைக் கேட்டால் சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானே சொல்கிறேன்.

ரயிலில் வரும்போதே அவளைத் திட்டுவதற்கு எல்லாவற்றையும் வரிசையாக மனசில் வைத்திருந்தேன். எதிரில் இருந்த பயணிகூட இடம் மாறி உட்கார்ந்தார், நான் வாய்விட்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது. வந்து தங்களைப் பார்த்ததும் அது தள்ளிப்போயிற்று. பிறகு தினமும் மரத்தடியில் உட்கார்ந்து அதைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் கேட்டுவிடுவது என்றுதான் அன்று தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தாள். வெறும் கை. சட்டத்தை மெதுவாகத் தூக்கி வெயிலில் பிடித்தாள். அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அத்தனை உயிர் ஊர்ந்துகொண்டிருந்தது. என்னால் அவள் விரல்களைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் ஒன்று உட்கார்ந்திருந்தது, அவள் அதை நசுக்காமல் விரலை அகட்டி வழிவிட்டாள்.

"ஏண்டி, உனக்கு இது..." என்று ஆரம்பித்தேன்.

அப்போது ஒரு தேனீ வந்து என் மணிக்கட்டில் உட்கார்ந்தது. நோயாளிக்கு நாடி பார்ப்போமே, அதே இடத்தில். அடிக்க அடுத்த கையை ஓங்கிவிட்டேன்.

"அம்மா, அசையாத."

அவள் சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஓங்கின கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும், சம்பந்தி. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன். கேட்டவருக்கு அசையத் தோன்றக்கூடாது, பயமும் வரக்கூடாது. அந்தக் குரல் வருவதற்கு எனக்கு எத்தனையோ வருஷம் பிடித்தது. இவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் வந்திருக்கிறது.

அது மணிக்கட்டில் கொஞ்சம் நடந்தது. இறக்கையைத் துடைத்துக்கொண்டது. எனக்கு வியர்வை முதுகில் ஓடியது. பிறகு பறந்துபோய்விட்டது.

"அவ்வளவுதாம்மா," என்றாள்.

ரயிலில் இருந்து கொண்டுவந்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அவள் அடுத்த சட்டத்தைத் தூக்கினாள். நான் ஒரு கையை நீட்டிக்கொண்டும் இன்னொரு கையை ஓங்கிக்கொண்டும் சிலை மாதிரி நின்றேன். தாங்கள் ரோட்டிலிருந்து பார்த்துப் பயந்தது அதைத்தான். "இப்பக் கையை இறக்கலாம்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் இறக்கினேன்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி